காலி டப்பாதானே சார்?

"உள்ள இருக்கிறது முறுக்கு, சீடை. இதுல என்ன சார் பெரிய தீ?"

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் குடோனுக்கு ஸ்பிரிங்க்ளர் (தீப்பிடித்தால் மேலேயிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் குழாய் அமைப்பு) கணக்குப் போடப் போனால் இதைக் கேட்காமல் திரும்ப முடிவதில்லை. போன வாரமும் கேட்டேன். படிவத்தில் 'சரக்கு' என்ற இடத்தில் 'உணவுப் பொருள்' என்று எழுதியிருந்தார்கள். உள்ளே போனால் பெட் (PET) பிளாஸ்டிக் டப்பாக்கள், பிளாஸ்டிக் கிரேட்டுகள், சரக்கை அடுக்கி வைக்கும் பிளாஸ்டிக் பேலட். முறுக்கைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

தீ விலைப்பட்டியலைப் படிப்பதில்லை. பண்டம், டப்பா, அட்டைப்பெட்டி, சுற்றிய தாள், கீழே தாங்கும் பேலட் எல்லாம் சேர்ந்துதான் சரக்கு. ஒரு கிலோ மரம் எரிந்தால் வருவது 16 முதல் 18 மெகாஜூல் வெப்பம். பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக் என்றால் 43-க்கு மேல். அதோடு உருகி ஒழுகி, அடியில் குளமாக நின்று எரியும். மேலேயிருந்து விழும் தண்ணீர் அடுக்கின் அடிக்குப் போய்ச் சேராது.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது "காலி டப்பாதானே" என்பது. ஐயா, காலிதான் மோசம். தண்ணீர் நிரப்பிய பாட்டிலை அட்டைப்பெட்டியில் வைத்தால் என்.எஃப்.பி.ஏ. 13 என்ற அமெரிக்க ஸ்பிரிங்க்ளர் விதி அதை முதல் வகுப்பில், அதாவது குறைந்த அபாயத்தில் வைக்கிறது. உள்ளே உள்ள தண்ணீரே வெப்பத்தை உறிஞ்சிவிடும். அதே பாட்டில் காலியாக இருந்தால் ஏ பிரிவு பிளாஸ்டிக், கடுமையான வரிசை. சுவர் மெல்லிசு, உள்ளே காற்று, சுற்றிலும் காற்று. இதைத்தான் படிக்கட்டுக்கு அடியில் கூரை தொட அடுக்கி வைக்கிறீர்கள்.

இன்னொன்று. கரையான் தொல்லை என்று மரப் பேலட்டைத் தூக்கிவிட்டுப் பிளாஸ்டிக் வாங்குகிறார்கள். கரையானுக்குச் சரி. ஆனால் சாதாரண பிளாஸ்டிக் பேலட் வந்தாலே சரக்கின் வகுப்பு ஒரு படி ஏறும்; வலுவூட்டியது என்றால் இரண்டு படி. ஆத்தங்குடிக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கல் எரியாதுதான். மூலைக்கு மூலை தெர்மாகோல் வைத்து, பிளாஸ்டிக் பேலட்டில் ஏற்றினால் நான் கணக்குப் போட வேண்டியது தெர்மாகோலுக்கு.

பக்கங்களில் மட்டும் ஷீட் சுற்றுவது வேறு, உச்சியையும் மூடுவது வேறு. உச்சி மூடினால் தண்ணீர் வழிந்து ஓடும், அட்டை நனையாது. இதையும் கேட்டுத்தான் வரைபடம் போடுவோம். சாதாரண அபாயம் என்று சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் கணக்கில் போட்ட குழாய், உயரமாக அடுக்கிய பிளாஸ்டிக்குக்குப் போதவே போதாது. 68 டிகிரியில் ஸ்பிரிங்க்ளரின் கண்ணாடிப் பல்பு உடைந்து தண்ணீர் வரத்தான் செய்யும். பம்பும் தொட்டியும் அந்தத் தீயோடு மல்லுக்கட்ட முடியாமல் நிற்கும். பிறகு 'ஸ்பிரிங்க்ளர் வேலை செய்யலை' என்று பழி எங்கள் தலையில்.

தயவுசெய்து, கணக்குப் போட வருபவரிடம் சரக்கின் பெயரை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். ஒரு பேலட்டைப் பிரித்துக் காட்டுங்கள். தீபாவளிச் சீசனுக்கு எவ்வளவு உயரம் ஏறும் என்று சொல்லுங்கள், ஆடி மாதக் கணக்கு வேண்டாம். காலிப் பேலட், காலி டப்பாவைத் தனிக் கொட்டகைக்கு மாற்றுங்கள். டப்பா, கவர், பேலட் எதை மாற்றுவதாக இருந்தாலும் வாங்குவதற்கு முன்னால் ஒரு போன் போடுங்கள். அப்புறம், ஸ்பிரிங்க்ளர் குழாயில் சீரியல் லைட் கட்டுவதை இந்த வருஷமாவது விடுங்கள்.