கழுத்தளவு கடன், கை நிறைய ஆள்: கால்பந்து கிளப்புகளின் செலவு விதி எப்படி வேலை செய்கிறது?

ஜூன், ஜூலை வந்துவிட்டால் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் கால்பந்து பார்க்கிற பையன்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வேறு பேச்சே கிடையாது. யார் எந்தக் கிளப்புக்குப் போகிறார், எத்தனை கோடிக்குப் போகிறார், இதுதான். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சொந்தக்காரர்கள் இல்லாத வீடு இங்கே குறைவு. அங்கிருந்து வருகிற மான்செஸ்டர் யுனைடெட் சட்டையோடு, இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக் பைத்தியமும் சேர்ந்தே வந்து இறங்கிவிடுகிறது. பேச்சு கடைசியில் வந்து முட்டுகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, யுனைடெட்டுக்கு அவ்வளவு கடன்னு சொல்றாங்க, ஆனா ஒரே சம்மர்ல 20 கோடி பவுண்டுக்கு மேல ஆள் எடுக்குறாங்க. நியூகாசிலுக்குப் பின்னாடி சவுதி பணம் கொட்டிக் கிடக்கு, அவங்க ஏன் சொந்தப் பையனை விக்கிறாங்க?"

விதி கடனைப் பார்ப்பதில்லை, நஷ்டத்தைப் பார்க்கிறது. அதனால்தான் இந்தக் குழப்பம். பேரேடும் வட்டிக் கணக்கும் தெரிந்த ஊர் இது. வரவு செலவுக் கணக்கு வேறு, சொத்தையும் கடனையும் காட்டுகிற ஐந்தொகை வேறு என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மொத்தக் கடன் எவ்வளவு என்பது ஐந்தொகையில் இருக்கும். பிரீமியர் லீக்கின் விதியோ 2013 முதல் வரவு செலவுக் கணக்கை மட்டும்தான் கையில் எடுத்துப் பார்த்து வந்தது.

அந்த விதியின் பெயர் லாப மற்றும் நிலைத்தன்மை விதி. செய்திகளில் பிஎஸ்ஆர் என்று வரும். மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு கிளப்பின் நஷ்டம் 10.5 கோடி பவுண்டைத் தாண்டக் கூடாது. அதிலும் கிளப் தானாகத் தாங்கலாம் என்று விட்டிருப்பது 1.5 கோடி மட்டும். மீதி 9 கோடியை முதலாளி தன் கையிலிருந்து முதலாகப் போட வேண்டும், கடனாகக் கொடுத்தால் செல்லாது. மூன்றில் ஏதாவது ஓர் ஆண்டு இரண்டாம் டிவிஷனில் ஆடியிருந்தால் அந்த ஆண்டுக்கான வரம்பு 3.5 கோடியிலிருந்து 1.3 கோடியாகச் சுருங்கிவிடும். ஸ்டேடியம் கட்டுவது, இளைஞர் அகாடமி, பெண்கள் அணி, ஊர்ப் பணிகள் ஆகியவற்றுக்குச் செய்கிற செலவு இந்தக் கணக்கில் சேராது.

அப்புறம் வருவதுதான் சூட்சுமம். 2023 ஜனவரியில் செல்சி என்ஸோ ஃபெர்னாண்டஸை பென்ஃபிகாவிடமிருந்து 10.68 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அந்த ஆண்டின் செலவுக் கணக்கில் 10.68 கோடி ஏறாது. ஒப்பந்தம் எத்தனை ஆண்டோ அத்தனையால் வகுத்து, ஆண்டுக்கு இவ்வளவு என்று எழுதுவார்கள். செல்சி போட்டது எட்டரை ஆண்டு ஒப்பந்தம். வகுத்துப் பாருங்கள், ஆண்டுக்குச் சுமார் 1.26 கோடிதான் வருகிறது. வழக்கம்போல் ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டிருந்தால் 2.14 கோடி வந்திருக்கும். இந்த வித்தையைப் பார்த்து ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா 2023-ல் 'எத்தனை ஆண்டு ஒப்பந்தம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், வகுப்பது ஐந்தால்தான்' என்று கட்டிவிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் பிரீமியர் லீக் கிளப்புகளும் அதையே ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்டன.

வாங்குவது இப்படிப் பல ஆண்டுக்குப் பிரிகிறது. விற்பதோ ஒரே நாளில் வரவாக ஏறுகிறது. விற்ற விலையில் இன்னும் எழுதித் தீராத பாக்கி போக மிச்சம் அத்தனையும் அந்த ஆண்டின் லாபம். கிளப்பின் சொந்த அகாடமியில் வளர்ந்த பையனுக்கு வாங்கிய விலை என்று ஒன்று கிடையாது, ஆகவே விற்ற பணம் முழுவதும் லாபம். நியூகாசில் ஏன் சொந்தப் பையனை விற்றது என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான கிளப்புகளுக்குக் கணக்கு ஜூன் 30-ல் முடிகிறது. 2024 ஜூன் கடைசி நாட்களில் நியூகாசில், எலியட் ஆண்டர்சனை நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் யான்குபா மின்டேவை பிரைட்டனுக்கும் அவசர அவசரமாக அனுப்பியது. பணம் இல்லாமல் இல்லை. அந்தப் பணத்தை விதி அனுமதிக்கிற வழியில் உள்ளே கொண்டுவர முடியவில்லை, அவ்வளவுதான். பணக்கார முதலாளியின் கையைக் கட்டிப்போட்டுவிட்டு, ஏற்கெனவே பெருத்த வருமானம் உள்ள பழைய கிளப்புகளுக்கு இது வேலி போட்டுக் கொடுக்கிறது என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. எனக்கும் அதில் பாதி நியாயம் தெரிகிறது.

நாள் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அதே ஃபாரஸ்ட் ஒரு பாடம். பிரென்னன் ஜான்சனை ஜூன் 30-க்கு முன் விற்றிருந்தால் மிகப் பெரிய ஓட்டை அடைபட்டிருக்கும். நல்ல விலைக்குக் காத்திருந்து 2023 செப்டம்பர் முதல் தேதி டாட்டனத்துக்கு விற்றார்கள். கூடுதல் விலை கிடைத்தது, ஆனால் அது அடுத்த ஆண்டுக் கணக்கில் போய் உட்கார்ந்தது. இரண்டாம் டிவிஷனில் இருந்த ஆண்டுகளால் அவர்களின் வரம்பு 6.1 கோடியாக இருந்தது, அதை 3.45 கோடி தாண்டியதற்காக 2024 மார்ச்சில் லீக் பட்டியலில் 4 புள்ளிகள் வெட்டினார்கள்.

சரி, கடனுக்கு இதில் வேலையே இல்லையா? இருக்கிறது. அசல் கணக்கில் வராது, வட்டி வரும். எவர்ட்டன் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். மூன்றாண்டு நஷ்டம் 12.45 கோடி பவுண்டு, வரம்பைவிட 1.95 கோடி அதிகம். புது ஸ்டேடியத்துக்காகக் கட்டிய வட்டியைக் கழித்துப் பாருங்கள் என்று கிளப் வாதாடியது. அந்த ஆண்டுகளில் வாங்கிய கடன்கள் அன்றாடச் செலவுக்கு வாங்கியவை, ஸ்டேடியத்துக்கு அல்ல என்று விசாரணைக் குழு மறுத்துவிட்டது. 2023 நவம்பரில் 10 புள்ளி போயிற்று. மேல்முறையீட்டில் அது 6 ஆகக் குறைந்தது. அடுத்த கணக்கில் மறுபடி மாட்டி இன்னும் 2 புள்ளி இழந்தார்கள்.

ஆகவே கடனில் எந்தக் கடன், எதற்கு வாங்கிய கடன் என்று பார்க்க வேண்டும். ஸ்டேடியக் கடன் பயப்படத்தக்கதல்ல. டாட்டனம் 2019-ல் புது மைதானம் திறந்தபோது கடன் மலைபோல் இருந்தது. ஆனால் அது நீண்ட காலத் தவணை, குறைந்த வட்டி, போதாததற்கு அந்த மைதானமே இசை நிகழ்ச்சி, அமெரிக்கக் கால்பந்து என்று சம்பாதித்துக் கொடுக்கிறது. ஆர்சனலுக்கு இதே வேலை கொஞ்சம் வலித்தது. 2006-ல் எமிரேட்ஸ் மைதானம் திறந்த பிறகு ஹென்றி, ஃபாப்ரெகாஸ், நஸ்ரி, வான் பெர்சி என்று வரிசையாக நட்சத்திரங்களை விட்டுக்கொடுத்த காலத்துக்குப் பின்னால் அந்தத் தவணைகளின் நெருக்கடியும் இருந்தது.

யுனைடெட்டின் கடன் வேறு ஜாதி. புதுவயலில் நன்றாக ஓடுகிற அரிசி ஆலை ஒன்றை ஒருவர் வாங்குகிறார் என்று வையுங்கள். வாங்குவதற்கான பணத்தை அந்த ஆலையையே அடமானம் வைத்து எடுக்கிறார், வட்டியையும் ஆலையின் வருமானத்திலிருந்தே கட்டுகிறார். ஆலைக்குப் புது மிஷின் ஒன்றும் வரவில்லை, ஆனால் கடன் மட்டும் ஆலையின் பேரில். 2005-ல் கிளேசர் குடும்பம் சுமார் 79 கோடி பவுண்டுக்கு யுனைடெட்டை வாங்கியது கிட்டத்தட்ட இப்படித்தான். அதற்கு முன் கிளப்புக்குச் சொல்லும்படியான கடனே இல்லை. அடிப்படைக் கடனான 65 கோடி டாலர் பல வருடங்களாக அசையாமல் நின்றது. அண்மை ஆண்டுகளில் வட்டிக்கு மட்டும் ஆண்டுக்கு 3 கோடி பவுண்டுக்கு மேல் போயிருக்கிறது. இந்த 3 கோடியை விதியின் கண்ணால் பாருங்கள்: சம்பளத்தைத் தள்ளிவைத்தால், ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் 15 கோடி பவுண்டுக்கு ஆள் எடுக்கிற இடம் அது. கடன் யுனைடெட்டைத் தடுத்துவிடவில்லை. 2025 கோடையில் குன்யா, எம்பியூமோ, செஷ்கோ என்று மூன்று பேருக்கே 19 கோடிக்கு மேல் செலவழித்தார்கள். ஆனால் ஒவ்வொரு ஆண்டும் வாங்கும் சக்தியில் ஒரு துண்டை வட்டி அமைதியாகக் கடித்துக்கொண்டே போகிறது. அந்த நெருக்கடி எங்கெங்கோ போய்த் தைத்தது: நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை போயிற்று, ஓல்டு டிராஃபர்டு மைதான ஊழியர்களின் இலவச மதியச் சாப்பாட்டை நிறுத்திப் பழம் கொடுத்தார்கள். சாப்பாட்டில் கை வைத்தவர்களைச் செட்டிநாட்டுக்காரர்கள் மன்னிப்பது கஷ்டம்.

மூன்றாவது வகை, வருங்கால வருமானத்தை அடமானம் வைப்பது. லீட்ஸ் யுனைடெட் 2001-ல் ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் அரையிறுதி வரை போனது. இனி ஆண்டுதோறும் அந்தப் பணம் வரும் என்று நம்பி, வரப்போகிற டிக்கெட் வசூலைக் காட்டி 6 கோடி பவுண்டு வாங்கியிருந்தார்கள். அடுத்த ஆண்டே சாம்பியன்ஸ் லீக் இடம் போனது, ரியோ ஃபெர்டினான்ட் விற்கப்பட்டார், 2004-ல் அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கியது.

ஸ்பெயினில் முறையே வேறு. இங்கிலாந்தில் செலவழித்த பிறகு கணக்குக் கேட்கிறார்கள். லா லிகாவில் முன்கூட்டியே ஒவ்வொரு கிளப்புக்கும் சம்பள வரம்பு சொல்லிவிடுகிறார்கள். வருமானத்தைக் கணக்கிடும்போது கடன் தவணையையும் கழித்துக்கொள்வதால் அங்கே கடன் நேரடியாகக் கடிக்கும். 2021 ஆகஸ்டில் பார்சிலோனாவின் மொத்தக் கடன் 135 கோடி யூரோ என்று தலைவர் லபோர்ட்டா அறிவித்தார். அதே மாதம் மெஸ்ஸி போனார். அவரும் இருக்க விரும்பினார், கிளப்பும் விரும்பியது, ஆனால் அவரைப் பதிவு செய்ய வரம்பில் இடம் இல்லை. அடுத்த ஆண்டு 25 ஆண்டுகளுக்கான டிவி உரிமை வருமானத்தில் 25 சதவீதத்தை விற்றுத்தான் புது ஆட்களைப் பதிவு செய்தார்கள்.

யூஃபா தன் போட்டிகளில் ஆடும் கிளப்புகளுக்கு 2022-ல் ஒரு எளிய விகிதம் கொண்டுவந்தது: வீரர்கள், பயிற்சியாளர் சம்பளம், வாங்கிய விலையில் அந்த ஆண்டுக்கு எழுதும் பங்கு, ஏஜென்டு கமிஷன் எல்லாம் சேர்ந்து வருமானத்தில் 70 சதவீதத்துக்குள். 90, 80 என்று படிப்படியாக இறக்கி 2025-ல் 70-க்கு வந்தார்கள். பிரீமியர் லீக் ஏற்ற சில தந்திரங்களை யூஃபா ஏற்பதில்லை. செல்சி தன் இரண்டு ஹோட்டல்களைத் தன் உடன்பிறப்பு நிறுவனத்துக்கே 7.65 கோடிக்கு விற்று லாபம் காட்டியது. பெண்கள் அணியையும் தாய் நிறுவனத்துக்கே விற்றது. லீக்கில் இது செல்லுபடியானது. யூஃபா அந்த வரவைக் கணக்கில் எடுக்காமல் 2025 ஜூலையில் 3.1 கோடி யூரோ அபராதம் போட்டது.

இப்போது பிரீமியர் லீக்கும் அந்தப் பாதைக்கு வருகிறது. 2025 நவம்பரில் கிளப்புகள் ஓட்டுப் போட்டு பிஎஸ்ஆரை எடுத்துவிட முடிவு செய்தன. 2026-27 சீசனிலிருந்து அணிச் செலவு வருமானத்தில் 85 சதவீதம் என்பது விதி; யூஃபாவின் போட்டிகளிலும் ஆடுபவர்களுக்கு அதன் 70-உம் உண்டு. கவனிக்க வேண்டியது, இந்த விகிதத்தில் வட்டி வராது. அதாவது கடன்காரக் கிளப்புக்கு இது ஒரு விதத்தில் தளர்வு. அதை ஈடுகட்டத்தான் கூடவே இன்னொரு விதித் தொகுப்பையும் சேர்த்திருக்கிறார்கள்: அன்றாடம் சுழல்கிற கைப்பணம் போதுமா, அதிர்ச்சி வந்தால் தாங்குமா, சொத்து கடனைவிட மேலே நிற்கிறதா என்று மூன்று சோதனைகள். ஐந்தொகையையும் புரட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

இதெல்லாம் லீக் போட்ட விதிகள். இதற்கு மேல் இப்போது அரசாங்கச் சட்டமே வந்திருக்கிறது. 1885-ல் தொடங்கிய பரி கிளப் 2019-ல் கடனால் லீக்கிலிருந்து நீக்கப்பட்டதும், 2021-ல் பெரிய கிளப்புகள் தனி சூப்பர் லீக் தொடங்கப் பார்த்ததும் பிரிட்டிஷ் அரசை அசைத்தன. கால்பந்து நிர்வாகச் சட்டம் 2025 ஜூலை 21 அன்று அரச ஒப்புதல் பெற்றது. மேல் ஐந்து டிவிஷன்களில் உள்ள 116 ஆண்கள் கிளப்புகளும் சுதந்திரமான ஒழுங்குமுறை ஆணையத்திடம் உரிமம் வாங்க வேண்டும், நிதித் திட்டம் காட்ட வேண்டும். முதலாளியின் பணம் எங்கிருந்து வருகிறது என்று ஆணையம் கேட்கலாம். அனுமதியில்லாமல் மைதானத்தை விற்க முடியாது. சின்னத்தையும் சட்டை நிறத்தையும் மாற்ற வேண்டுமானால் ரசிகர்களின் ஆதரவு வேண்டும். யார் எத்தனை கோடிக்கு ஆள் வாங்கலாம் என்பதில் ஆணையம் தலையிடாது. அது லீக்கின் வேலையாகவே இருக்கிறது.

'தவணையாகத்தானே வாங்குகிறார்கள், கட்டாவிட்டால் என்ன?' என்று கேட்பவர்களுக்கு: வீரரின் விலையைப் பல தவணையாகப் பிரித்துக் கொடுப்பது இன்று வழக்கம், யுனைடெட்டே இப்படிப் பல கோடி பாக்கி வைத்திருக்கிறது. தவணையோ சம்பளமோ நின்றால் பாக்கி வர வேண்டியவர் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவுக்குப் போகலாம். பணம் கட்டும் வரை புது வீரர்களைப் பதிவு செய்யவே தடை வரும். இது வெள்ளைக்காரக் கிளப்புகளுக்கு மட்டுமான சமாச்சாரம் இல்லை. சம்பள பாக்கிக்காக நம் ஈஸ்ட் பெங்காலும் ஹைதராபாத் எஃப்சியும் இந்தத் தடையை வாங்கியிருக்கின்றன.