டிசால்வில் சூரியன் ஏன் சாம்பலாகிறது?

மார்த்தாண்டத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் வாசகர் ஒருவரின் கேள்வி: “கன்னியாகுமரி சூரியோதயத்திலிருந்து மண்டபத்துக் குத்துவிளக்குக்கு ஒரு நொடி கிராஸ் டிசால்வ் போட்டேன். பாதி வழியில் சூரியன் சாம்பலாகி, படமே அழுக்காகத் தெரிகிறது. கேமரா கோளாறா?”

கேமரா மேல் பழியில்லை. டிசால்வ் என்றால் ஒரு காட்சி மெல்ல மறைய, அடுத்தது அதன் மேலேயே தெளிவது. இரண்டையும் கலக்கும் கணக்கில்தான் விஷயம்.

டிசால்வ் போடும் விதம் தெரிந்ததுதான். இரு கிளிப் சந்திக்கும் வெட்டின் மேல் இழுத்து விட வேண்டும், அவ்வளவே. ஆனால் நொடிக்கு 25 பிரேம் ஓடும் டைம்லைனில் ஒரு நொடி டிசால்வுக்கு, வெட்டுக்கு அப்பாலும் இரு கிளிப்பிலும் தலா 12, 13 பிரேம் மிச்சம் இருக்க வேண்டும். ரெக்கார்டிங் முடிந்த இடத்திலேயே வெட்டியிருந்தால் பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருள் எச்சரிக்கும். படிக்காமல் ஓகே கொடுத்தால் கடைசி பிரேமே திரும்பத் திரும்ப வரும். அலை அந்தரத்தில் நிற்கும்.

இனி சாம்பலுக்கு வருவோம். கோப்பில் ஒவ்வொரு பிக்சலின் வெளிச்சத்தையும் குறிக்க 0 (கருப்பு) முதல் 255 (முழு வெளிச்சம்) வரை ஓர் எண் இருக்கும். டிசால்வின் நடுவில் மென்பொருள் ஒவ்வொரு பிக்சலிலும் பழைய எண்ணில் பாதியையும் புதிய எண்ணில் பாதியையும் கூட்டுகிறது. சூரியன் 255, அதே இடத்தில் வரப்போகும் மண்டப இருட்டு 0. விடை 128. பாதி வெளிச்சம்தானே என்று தோன்றும். இல்லை, முழு வெளிச்சத்தில் அது சுமார் 22 சதவீதம்தான்!

காரணம், கோப்பில் இருக்கும் எண் வெளிச்சத்துக்கு நேர் விகிதத்தில் இல்லை. மங்கலில் சிறு வேறுபாட்டையும் நம் கண் பிடித்துவிடும். பிரகாசத்தில் அதே அளவு வேறுபாடு தெரியாது. 8 பிட்டில் கிடைப்பதோ 256 படிகள். சமமாகப் பங்கிட்டால் நிழல் பகுதி பட்டை பட்டையாகப் பிரியும். ஆகவே மங்கலுக்குப் படிகள் அதிகம், பிரகாசத்துக்குக் குறைவு என்று வளைத்துப் பதிகிறார்கள். இந்த வளைவுதான் காமா. பழைய டிவியின் படக்குழாய் இயல்பாகவே இதற்கு ஏறக்குறைய எதிர்த்திசையில் வளைந்தது. கண்ணுக்கும் குழாய்க்கும் இப்படிப் பொருத்தம் அமைந்தது தற்செயல்தான். குழாய் போய்விட்டது, வளைவு நிலைத்துவிட்டது.

வளைந்த எண்களை நிமிர்த்தாமலே கூட்டுவதால்தான் சூரியன் சீக்கிரம் சாகிறது. முதலில் வெளிச்சமாக மாற்றி, கலந்து, மறுபடி வளைத்தால் நடுவில் 128க்குப் பதில் 188 வரும். பிரீமியரில் ஃபிலிம் டிசால்வ் என்ற தேர்வு செய்வது இதைத்தான். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் 1.0 காமாவில், அதாவது வளைவில்லாமல், கலக்கும் தேர்வு புராஜெக்ட் செட்டிங்ஸில் இருக்கிறது.

இதற்கும் விலை உண்டு. டிசால்வ் 90 சதவீதம் முடிந்த பிறகும் சூரியன் 89 என்ற அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும். வழக்கமான கலப்பில் அது 25க்கு இறங்கியிருக்கும். குத்துவிளக்குக்குப் பின்னால் பேய்போல ஒரு வட்டம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், டிசால்வை 15 பிரேமாகக் குறையுங்கள். ஆயிரம் ட்ரான்சிஷன் (காட்சி மாற்றம்) அடங்கிய ‘பேக்’ வாங்கிப் போட்டால் படம் பளிச்சிடும் என்பது இந்தத் தொழிலின் மூடநம்பிக்கை. எடிட்டிங் வகுப்புகளில் பட்டன் காட்டும் நேரத்தில் கால் பங்கை இந்த வளைவுக்குக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

ஒலியிலும் இதே பள்ளம் விழும். அலையோசையையும் நாதஸ்வரத்தையும் நேர்க்கோட்டில் பாதிப் பாதியாகக் கலந்தால் நடுவில் 3 டெசிபல் இறங்கும். கான்ஸ்டன்ட் பவர் என்ற ஒலிக் கலப்பைத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் பாதிக்குப் பதில் 0.707 அளவில் சந்திக்கும், பள்ளம் மறையும். ஒரே ஒலியின் இரு துண்டுகளை ஒட்டும்போது மட்டும் நேர்க்கோட்டில் கலக்கும் கான்ஸ்டன்ட் கெய்ன் போடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் சத்தம் புடைக்கும்.

வாட்ஸ்அப்புக்குப் போகும் பிரதியில் இன்னொரு சிக்கல். வீடியோவைச் சுருக்கும் முறைகள், முந்தைய பிரேமின் துண்டு எங்கே நகர்ந்தது என்று தேடித்தான் இடத்தை மிச்சப்படுத்துகின்றன. டிசால்வில் எதுவும் நகராமலே எல்லாப் பிக்சலும் மாறுவதால், குறைந்த பிட்ரேட்டில் (நொடிக்கு ஒதுக்கும் தரவு அளவு) கடல் கட்டம் கட்டமாக உடையும். அந்தப் பிரதிக்கு மட்டும் நேர் வெட்டே மேல்.