சுற்றாடல் உருவப்படமா, புழங்குசூழல் உருவப்படமா?

கொழும்பில் ஒரு புகைப்படக் கண்காட்சி. செட்டியார் தெரு நகைத் தொழிலாளி ஒருவர் தன் பட்டறையில் ஊதுகுழலோடு குந்தியிருக்கும் அருமையான படம். கீழே 'சுற்றாடல் உருவப்படம்' என்று எழுதியிருந்தார்கள். பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர், "இதில சுற்றாடல் எங்க இருக்கு தம்பி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்தச் சொல்லை நான் காண்பது இது நாலாவது தடவை.

ஆங்கிலத்தில் 'என்வைரன்மென்டல் போர்ட்ரெய்ட்' (environmental portrait) என்பதைத்தான் இப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். அதன் முதற்சொல், 'சுற்றிலும்' எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டாவதன் லத்தீன் வேருக்கு 'வெளியே இழுத்தல்' என்று பொருள். ஒருவரை அவர் புழங்கும் இடத்தோடும் பொருள்களோடும் சேர்த்து எடுத்து, அவர் எப்படிப்பட்டவர் என்பதை வெளியே கொண்டுவரும் படம் இது.

நம் நாட்டில் சுற்றாடல் என்றால் காடு, ஆறு, குப்பை, புகை. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் பெயரிலேயே அந்தப் பொருள் ஊன்றிவிட்டது. தமிழகத்துச் 'சுற்றுச்சூழ'லைக் கொண்டுவந்தாலும் இதே கதிதான்.

சரி, 'பின்னணி உருவப்படம்' என்கிறார்களே? எனக்குப் பெரிய வழக்கு அதோடுதான். ஸ்ரூடியோவில் தொங்கும் அருவிச் சீலையும் பின்னணிதான். அதற்கும் முன்னால் நிற்பவருக்கும் ஒரு உறவும் கிடையாது. 1946இல் புகைப்படக் கலைஞர் ஆர்னோல்ட் நியூமன் எடுத்த ஸ்ட்ராவின்ஸ்கி படத்தைப் பாருங்கள். இசையமைப்பாளர் இடப்பக்கக் கீழ் மூலையில், தலையைக் கையில் தாங்கியபடி சிறிதாக இருக்கிறார். மீதி இடத்தில் ஓங்கி நிற்பது பியானோவின் திறந்த கரிய மூடிதான். அந்த மூடியை எடுத்துவிட்டால் அவர் யாரோ ஒருவர். அதைப் போய்ப் பின்னணி என்பதா? 'வீட்டுப் படம்' என்று எழுதியவரும் உண்டு. அந்தப் பியானோ இருந்தது ஸ்ட்ராவின்ஸ்கியின் வீட்டில் அல்ல, நியூயோர்க்கில் ஒரு பத்திரிகை ஆசிரியரின் வீட்டில்! மொழிபெயர்ப்பவர்கள் அகராதியோடு நின்றுவிடுகிறார்கள். இப்படி நாலு படங்களைப் பார்த்துவிட்டு எழுதினால் என்ன?

தொல்காப்பியம், ஒவ்வொரு நிலத்துக்கும் உரியவற்றைச் சொல்லும் கருப்பொருள் பட்டியலில் மரத்தோடும் பறவையோடும் தொழிலையும் யாழையும் சேர்த்தது. ஆளை அவர் கைப்பொருளோடு சேர்த்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் 'கரு' இன்று வேறு பொருளுக்குப் போய்விட்டது. நாட்டாரியலில், மக்கள் அன்றாடம் கையாளும் பொருள்களுக்குப் 'புழங்குபொருள்' என்ற நல்ல சொல் ஏற்கெனவே வழக்கில் உண்டு. அதன் வழியில் 'புழங்குசூழல் உருவப்படம்' என்கிறேன். புழங்குதல் என்பதில் இடமும் வரும், கையில் எடுத்து ஆளும் பொருளும் வரும். நீளம் என்றால் 'புழங்குசூழல் படம்' போதும். அந்த அம்மாவுக்கு ஊதுகுழலையும் இடுக்கியையும் காட்டி, "இதுதான் அவருடைய புழங்குசூழல்" என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம்.