கிராண்ட்: மானியமா, நல்கையா?

முன்னாள் படைவீரர்களுக்குத் துணைநிற்கும் தொண்டு நிறுவனங்களுக்கு அரசு ஒதுக்கும் பணத்தை ஆங்கிலத்தில் ‘கிராண்ட்’ என்பர். தமிழில் அதையே மானியம், நன்கொடை, உதவித்தொகை என்று பலவாறாக எழுதுகிறோம். இவை ஒரு பொருள் குறித்த பல சொற்கள் அல்ல என்பதால் படிப்பவர் குழம்புகிறார்.

போரின் நினைவுகளால் உறக்கமிழந்தவருக்கு மனநல ஆலோசனை தருவது, காலிழந்தவரின் வீட்டில் சாய்தளம் அமைப்பது போன்ற குறிப்பிட்ட பணிக்கென ஓர் அமைப்பிடம் அரசு ஒப்படைக்கும் தொகையே கிராண்ட். அதை அந்தப் பணிக்கு மட்டுமே செலவிட்டுக் கணக்குக் காட்ட வேண்டும். அது கடன் அன்று. அரசு தன் தேவைக்காகச் சேவையை விலைக்கு வாங்கும் ஒப்பந்தமும் அன்று. ஓய்வூதியம் இதனின்று முற்றிலும் வேறானது. அது வீரரின் உரிமையாக அவர் கைக்கே சேர்வது.

பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த ‘கிராண்ட்’ என்னும் சொல்லின் வேர், ‘நம்பு’ என்று பொருள்படும் ‘கிரேதெரே’ என்னும் இலத்தீன் வினை. ‘கிரெடிட்’ பிறந்ததும் அதிலிருந்தே. உறுதியளித்தல் என்ற பொருளே முதலில் இருந்தது. கொடுத்தல் பின்னர் வந்து சேர்ந்தது.

மானியம் வடமொழி ‘மான்ய’ என்பதன் தமிழ் வடிவம். மதிப்புக்குரியது என்பது அதன் அடிப்பொருள். வரி நீக்கிக் கொடுத்த நிலத்தை அச்சொல் நெடுங்காலம் குறித்தது. போரில் மாண்ட வீரனின் குடும்பத்துக்கு விட்ட நிலத்துக்கு உதிரப்பட்டி என்று தனிப்பெயரே இருந்தது. குருதியின் பெயரால் ஒரு கொடையை அழைத்த அந்தச் சொல்லை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. இன்றோ உரம், எரிவாயு ஆகியவற்றின் விலையில் அரசு ஏற்கும் பங்கையே மானியம் என்றதும் மக்கள் நினைக்கின்றனர். நன்கொடை, கொடுப்பவர் விருப்பத்தைச் சார்ந்தது. உதவித்தொகை, பெரும்பாலும் தனி ஒருவருக்கு உரியது.

ஆகவே ‘நல்கை’ என்பதையே பொருத்தமான சொல்லாகக் கருதுகிறேன். நல்கு என்னும் வினைக்குக் கொடுத்தல் மட்டுமன்றி அன்பு செய்தல் என்ற பொருளும் உண்டு. திருக்குறளின் இன்பத்துப்பாலில் தலைவன் நல்காமையைச் சொல்லியே தலைவி வருந்துகிறாள். பல்கலைக்கழக மானியக் குழுவைப் பல்கலைக்கழக நல்கைக் குழு என்று எழுதுவோர் ஏற்கெனவே உள்ளனர் என்பதால் இது புதிதாகப் புனைந்த சொல்லும் அன்று.

கிராண்டோடு இங்கே சேர்ந்து வரும் ‘வெட்டரன்’ என்னும் ஆங்கிலச் சொல்லையும் கவனித்து மொழிபெயர்க்க வேண்டும். ‘பழைய’ என்று பொருள்படும் இலத்தீன் ‘வெத்துஸ்’ அதன் வேர் என்றாலும், ‘மூத்த வீரர்’ என்பது தவறான பொருளைத் தரும். பிரிட்டனில் ஒரு நாள் படைப்பணி செய்தவரும் இப்பெயருக்கு உரியவர். முன்னாள் படைவீரர் என்பதே சரி. முழுத்தொடரை ‘முன்னாள் படைவீரர் நலத் தொண்டு நிறுவனங்களுக்கான அரசு நல்கை’ என்று எழுதலாம்.