பழைய லாரி ஏன் அதிர்கிறது?

பழைய லாரியின் என்ஜின் அதிரத் தொடங்கினால் பெரும்பாலும் முதலில் மாற்றப்படுவது என்ஜினைத் தாங்கி நிற்கும் மவுண்டிங் ரப்பர். எளிதில் கிடைக்கும் பொருள். கழற்றிப் பார்த்தால் பழையதில் விரிசலும் இருக்கும். புதியதைப் போட்ட பிறகும் லாரி அப்படியே அதிரும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. ரப்பர் அதிர்வை உண்டாக்குவதில்லை. எங்கோ பிறந்த அதிர்வை, லாரியின் அடிச்சட்டமான சேசிஸுக்குப் போகவிடாமல் தடுப்பதே அதன் வேலை. அது பிறக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, எவ்வளவு பலமாக அதிர்கிறது என்று பார்ப்பதைவிட, வினாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது, அந்த எண்ணிக்கை எதன் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பார்ப்பதே பயன் தரும்.

ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின் ஒன்று நிமிடத்துக்கு 600 சுற்றில் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தாத நிலையில், ஓடுவதாகக் கொள்வோம். பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட் வினாடிக்கு 10 முறை சுழல்கிறது. நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரியும். ஆகவே ஆறு சிலிண்டருக்கும் சேர்த்துச் சுற்றுக்கு மூன்று, வினாடிக்கு 30 எரிப்புகள். அந்த 30 ஹெர்ட்ஸ் துடிப்பு ஆரோக்கியமான என்ஜினிலும் இருக்கும். வரிசையாக அமைந்த ஆறு பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடுவதால் எழும் முக்கிய விசைகள் ஒன்றையொன்று சமன் செய்துகொள்வதால், வேறு பெரிய அதிர்வுக்கு அங்கே காரணம் இல்லை.

நான்கு சிலிண்டர் என்ஜினுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் சாய்வு காரணமாக, பிஸ்டன் தன் ஓட்டத்தின் மேல் பாதியைக் கீழ்ப் பாதியைவிட வேகமாகக் கடக்கிறது. அதனால் கிராங்க் வேகத்தைப் போல் இரு மடங்கில் ஒரு குலுக்கல் எப்போதும் மிஞ்சும். எதிர்த் திசைகளில், கிராங்கைப் போல் இரு மடங்கு வேகத்தில் சுழலும் இரண்டு எடைத் தண்டுகளால் அதைச் சமன் செய்யும் வழியை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்தவர் பிரிட்டிஷ் பொறியாளர் ஃபிரெடெரிக் லான்செஸ்டர். அத்தகைய தண்டுகள் இல்லாத நான்கு சிலிண்டர் லாரியில் ஓரளவு குலுக்கல் இயல்பானது. அதைப் பழுதாக எண்ணிப் பிரித்துப் போட வேண்டியதில்லை.

இப்போது ஆறில் ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குறை இரண்டு சுற்றுக்கு ஒரு முறை, அதாவது ஐடிலில் வினாடிக்கு 5 முறை திரும்பத் திரும்ப வரும். என்ஜின் பக்கவாட்டில் தள்ளாடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மனித உடல் செங்குத்து அதிர்வை மிகக் கூர்மையாக உணர்வது ஏறக்குறைய 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில். கேபினுக்கு வந்து சேரும் இந்த ஆட்டம் அதற்குள்ளேயே விழுகிறது. நாள் முழுவதும் அந்த இருக்கையில் இருக்கும் ஓட்டுநரின் இடுப்புக்காகவாவது இதை அலட்சியம் செய்யக் கூடாது.

எந்தச் சிலிண்டர் என்று கண்டறிவது பழைய என்ஜினில் எளிது. இயந்திரப் பம்ப் உள்ள டீசல் என்ஜினில், ஐடிலில் ஓடும்போது, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு வரும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்தி மீண்டும் இறுக்குவார்கள். தளர்த்தியதும் என்ஜின் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் அதுவரை வேலை செய்துகொண்டிருந்தது. தளர்த்தியும் சத்தம் மாறவில்லை என்றால் குறை அங்கேதான். உயர் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். காயம் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் அது உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும் நிலை. கையுறை அதைத் தடுக்காது. கண்ணாடி அணிந்து, முகத்தையும் கையையும் விலக்கி, பழகியவர் மட்டுமே செய்ய வேண்டும். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் என்ஜினில் அழுத்தம் 1,000 பாரை, அதாவது காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கை, தாண்டும் என்பதால் அங்கே இந்த முறை அறவே கூடாது. நட்டைத் தொட விரும்பாதவர்களுக்கு வேறு வழி உண்டு. குளிர்ந்த என்ஜினைக் கிளப்பிய சில நிமிடங்களில், அகச்சிவப்பு வெப்பமானியால் என்ஜினிலிருந்து புகைக் குழாய் தொடங்கும் ஆறு வாய்களையும் அளந்தால், எரியாத சிலிண்டரின் வாய் மற்றவற்றைவிடக் குளிர்ந்திருக்கும்.

அடுத்த படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. என்ஜினை நிறுத்திவிட்டு, அந்த இன்ஜெக்டரையும் பக்கத்துச் சிலிண்டரின் இன்ஜெக்டரையும் இடம் மாற்றிப் பொருத்த வேண்டும். குறையும் கூடவே இடம் மாறினால் பழுது இன்ஜெக்டரில். பழைய இடத்திலேயே நின்றால் வால்வு, பிஸ்டன் ரிங், சிலிண்டர்களின் மேல்மூடிக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கெட் ஆகியவற்றில் ஒன்று. சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்ற கம்ப்ரஷனை அளந்தால் தெரிந்துவிடும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் சேர்ந்தே கம்ப்ரஷன் குறைந்திருந்தால், அவற்றுக்கு இடையே கேஸ்கெட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். குறை ஒரே சிலிண்டரில் நிலைக்காமல் அலைந்தால், சிலிண்டர்களை விட்டுவிட்டு டீசல் வரும் பாதையில் காற்று புகுந்திருக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த நிலையில் புது ரப்பர் ஏன் உதவாது? ஒரு ரப்பர் பட்டையில் கனமான பூட்டைத் தொங்கவிட்டு, மறுமுனையைப் பிடித்துக் கையை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். மெதுவாக ஆட்டினால் பூட்டும் கையோடு போகும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் துள்ளிக் குதிக்கும். அதைவிட வேகமாக ஆட்டினால் கை மட்டும் ஆடும், பூட்டு ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அது துள்ளும் வேகமே அந்த அமைப்பின் இயல் அதிர்வெண். அந்த எண்ணைப் போல் ஏறத்தாழ 1.41 மடங்குக்கு மேலே போனால்தான் ரப்பர் அதிர்வைத் தடுக்கத் தொடங்கும். என்ஜினும் மவுண்டிங்கும் சேர்ந்த அமைப்பின் இயல் அதிர்வெண் 12 ஹெர்ட்ஸ் என்றால் தடுப்பு 17க்கு மேல். 30 ஹெர்ட்ஸ் எரிப்புத் துடிப்பு அடங்கிவிடும். 5 ஹெர்ட்ஸ் தள்ளாட்டம் எத்தனை புதிய ரப்பராக இருந்தாலும் நேரே கடந்துவிடும்.

வயதான ரப்பர் இறுகிப்போய் இயல் அதிர்வெண் 22க்கு உயர்ந்தால் கதை வேறு. தடுப்பு இப்போது 31க்கு மேலேதான். ஐடிலின் 30 ஹெர்ட்ஸ் கேபினைக் கிடுகிடுக்க வைக்கும். ஆக்சிலரேட்டரைச் சற்று அழுத்தினால் அடங்கும். ஐடிலில் மோசம், சுற்று ஏறினால் சுகம் என்ற இந்தத் தோரணை இருந்தால் மவுண்டிங்கைச் சந்தேகிப்பது நியாயம். கூடவே புகைக் குழாய் சேசிஸில் எங்காவது உரசுகிறதா என்றும் பாருங்கள். ரப்பரைச் சுற்றிக்கொண்டு அதிர்வு போக அந்த ஒரு தொடுகை போதும்.

நிற்கும்போது அமைதியாக இருந்து, ஓடும்போது மட்டும் அதிரும் லாரிக்கு விசாரணை வேறு. ஒரு மீட்டர் விட்டமுள்ள டயர் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு ஏறக்குறைய 5.3 முறை சுழலும். பின் அச்சின் பல்சக்கர விகிதம் 5 என்றால், கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் 26.5 முறை. கிராங்கின் சுழற்சி மாறாமல் அப்படியே போகும் நேரடி டாப் கியரில் கிராங்கும் அதே 26.5தான், இரண்டையும் எண்ணிக்கையால் பிரித்தறிய முடியாது. சாலை வேகத்தை மாற்றாமல் ஒரு கியர் இறக்குங்கள். என்ஜின் சுற்று ஏறும், ஷாஃப்ட் அதே வேகத்தில் இருக்கும். அதிர்வின் எண்ணிக்கையும் ஏறினால் அது என்ஜினுடையது. மாறாமல் நின்றால் ஷாஃப்டிலும் அதற்குப் பின்னுள்ள பகுதிகளிலும் தேட வேண்டும். கைப்பேசியின் அதிர்வு உணரியே இதை எண்ணிக் காட்டும். வினாடிக்கு 100 முறை அளக்கும் உணரி 50 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பகமாகக் காட்டும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஷாஃப்டின் முனைகளில் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட் என்ற மூட்டு, சாய்வாக இயங்கும்போது, ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை ஷாஃப்டை முந்தவும் பிந்தவும் வைக்கிறது. மறுமுனை ஜாயின்ட் அதே கோணத்தில், சரியான திசையில் பொருந்தியிருந்தால் அந்த ஏற்ற இறக்கம் நீங்கிவிடும். பழைய லாரியில் பட்டை ஸ்பிரிங் தொய்ந்து பின் அச்சின் கோணம் மாறியிருக்கலாம். அல்லது ஷாஃப்டைக் கழற்றியவர், அதன் இரு பகுதிகளும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் பல்வரிசையான ஸ்பிளைனை ஒரு பல் தள்ளிப் பொருத்தியிருக்கலாம். இரண்டிலுமே ஷாஃப்ட் வேகத்தின் இரு மடங்கில் அதிர்வு வரும். கழற்றும் முன் இரு பகுதிகளிலும் அடையாளம் கீறிவைக்கும் மெக்கானிக்கிடம் நம்பி வண்டியைக் கொடுக்கலாம்.

கேபினில் சற்றும் உணர முடியாத ஓர் அதிர்வும் உண்டு. ஒவ்வொரு எரிப்பும் கிராங்க் ஷாஃப்டைச் சிறிது முறுக்கி விடுகிறது. நீளமான ஆறு சிலிண்டர் கிராங்கில் இந்த முறுக்கு அதிர்வு வலுத்தால் உலோகம் களைத்து விரிசல் விடும். அதை அடக்கவே கிராங்கின் முன் முனையில் டேம்பர் இருக்கிறது. ரப்பர் வகை என்றால், மையத்திலிருந்து வெளி வளையம் வரை சாக்பீஸால் நேர்க்கோடு ஒன்று இழுத்து, சில நாள் ஓட்டிய பிறகு பாருங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் வளையம் வழுக்குகிறது. சிலிக்கோன் திரவம் நிரம்பிய மூடிய வகையில் வெளியே எதுவும் தெரியாது. ஆண்டுக்கணக்கான வெப்பத்தில் திரவம் கெட்டித்து உள்வளையம் இறுகியிருக்கலாம். உறையில் சிறு நசுங்கல் இருந்தாலும் அது பயனற்றது. என்ஜினை முழுதாகப் பிரித்து வேலை செய்யும்போது, பார்வைக்கு நன்றாக இருந்தாலும் இந்த வகை டேம்பரைப் புதிதாகப் போட்டுவிடுவதே சரி.