தங்கூசியில் ஏறிய முறுக்கு எந்த வழியாக வெளியே போகும்?

ஸ்கார்பரோவில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, சிம்கோ ஏரியில் ஸ்மால்மௌத் பாஸ் மீனுக்கு ட்ரொப் ஷொட் போடுகிறேன். ரெண்டு மணித்தியாலம் போனால் தங்கூசி (நைலோன் தூண்டில் நரம்பு) ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டு, அடுத்த வீச்சில் ரீலில் இருந்து கொத்தாகக் கொட்டுகிறது. ஸ்விவல் (ஒரு முனை நிற்க மறுமுனை சுழலும் சிறு இணைப்பு) வைத்த ஈயம்தான் கட்டுகிறேன். பிறகும் ஏன் முறுக்கு ஏறுகிறது?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நானும் ஒரு ஜூலைக் காலையில், மீன் நன்றாகக் கடித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஐம்பது மீட்டர் தங்கூசியைச் சிக்கோடு வெட்டி எறிந்துவிட்டுக் கரைக்குத் திரும்பியிருக்கிறேன். அன்றைக்கு வந்த எரிச்சலில் தொடங்கிய தேடல், கடைசியில் டிஎன்ஏ வரைக்கும் கொண்டுபோய் விட்டது.

ட்ரொப் ஷொட் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். தங்கூசியின் நுனியில் ஈயம். அதற்கு ஒரு முழம் மேலே, தங்கூசியை வெட்டாமல் அதன் நடுவிலேயே பலோமார் முடிச்சுப் போட்டு முள்ளைக் கட்டுவார்கள். முள்ளில் சின்னதாக ஒரு ரப்பர்ப் புழுவோ ரப்பர் மீனோ. ஈயம் ஏரியின் அடியில் கிடக்கும், இரை அதற்கு மேலே நின்று ஆடும். ஜப்பானில் வளர்ந்த முறை, 1990களின் இறுதியில் அமெரிக்க பாஸ் மீன்பிடிப்பாளர்களிடம் பரவியது. ஒன்ராறியோவின் ஆழமான, தெளிந்த ஏரிகளுக்கு இதைப் போலப் பொருந்துவது வேறொன்றில்லை என்பது என் கட்சி.

சரி, முறுக்குக்கு வருவோம். பரிசுப்பொதி கட்டும் ரிப்பன் ஒன்றை எடுத்து, பென்சிலில் தட்டையாக ஐந்து சுற்றுச் சுற்றுங்கள். பிறகு ரிப்பனின் இரண்டு நுனிகளையும் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்ள, பக்கத்தில் இருக்கும் யாராவது பென்சிலை மெல்ல உருவி எடுக்கட்டும். ரிப்பனை நீட்டிப் பாருங்கள். அதில் ஐந்து முறுக்கு இருக்கும்! யாரும் முறுக்கவில்லை, நுனிகள் திரும்பவும் இல்லை. இப்போது நுனிகளைக் கிட்டக் கொண்டுவந்து ரிப்பனைத் தளர்த்தினால் முறுக்கு மெல்லக் கரைந்து மறுபடியும் வளையங்களாக மாறும். இழுத்தால் முறுக்கு, விட்டால் வளையம். இரண்டும் ஒரே சரக்கு, இரண்டு உருவம். நுனி திரும்பாத வரைக்கும் இரண்டின் கூட்டுத்தொகை மாறவே மாறாது. நடுவில் நீங்கள் எத்தனை முறை கசக்கினாலும், சுற்றினாலும், நீட்டினாலும் அந்தக் கணக்கில் ஒன்று கூடாது, ஒன்று குறையாது.

இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக அவிழும். தங்கூசிக்கு இரண்டே நுனிதான்: ஒன்று ரீலில் தங்கூசி சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலில், மற்றது தண்ணீருக்குள் இரையின் பக்கம். முறுக்கு உள்ளே வருவதானாலும் வெளியே போவதானாலும் இந்த இரண்டு வாசல் வழியாகத்தான்.

முதலில் ரீல் பக்க வாசல். ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் சுழலாமல் நிற்கும், ரோட்டர்தான் அதைச் சுற்றி ஓடித் தங்கூசியைச் சுற்றும். அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு விழுகிறது, ஸ்பின்னிங் ரீல் என்றாலே முறுக்குத்தான் என்று கரையில் நிற்கிற பலர் சொல்வார்கள். பாதி உண்மை. சுற்றும்போது ஒரு முறுக்கு விழுகிறதுதான், ஆனால் அடுத்த வீச்சில் அதே சுற்று ஸ்பூலின் விளிம்பைத் தாண்டி உருவிக்கொண்டு போகும்போது அந்த முறுக்கும் கழிந்துவிடுகிறது. ஸ்பூல் திரும்பவில்லை அல்லவா, அதனால் கணக்கு பூச்சியம். நாள் முழுக்க வீசிச் சுற்றினாலும் பூச்சியம்தான்.

ஸ்பூல் எப்போது திரும்பும்? பெரிய மீன் இழுத்து ட்ராக் (பலமாக இழுத்தால் விட்டுக்கொடுக்கும் ரீலின் பிரேக்) வழுக்கும்போது. அந்தக் கிர்ர்ர் சத்தம் இருக்கிறதே, கேட்டவுடன் நெஞ்சு துள்ளும், அது ஸ்பூல் சுழலும் சத்தம். அதாவது ஒரு நுனி திரும்பும் சத்தம். நடுத்தர அளவு ரீலில் ஸ்பூலின் குறுக்களவு நாலரை சென்ரிமீற்றர் என்று வைத்தால் சுற்றளவு ஏறக்குறைய 14 சென்ரிமீற்றர். மீன் 20 மீட்டர் இழுத்துக்கொண்டு ஓடினால் ஸ்பூல் சுமார் 140 தடவை சுழன்றிருக்கும், தங்கூசியில் 140 முறுக்கு ஏறியிருக்கும். அதைவிட மோசம், மீன் ஓடிக்கொண்டிருக்கும்போதே பதற்றத்தில் கைப்பிடியையும் சேர்த்துச் சுற்றுவது. 6:1 பல்விகிதம் உள்ள ரீலில் கைப்பிடியை ஒரு தடவை சுற்றினால் ரோட்டர் ஆறு தடவை ஓடும். தங்கூசி ஒரு அங்குலம்கூட உள்ளே வராது, ஆனால் முறுக்கு மட்டும் மேலும் ஆறு ஏறிவிடும். மீன் ஓடட்டும், நின்றபிறகு தடியை உயர்த்தி இழுத்து, தாழ்த்தும்போது மட்டும் சுற்றுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

இரண்டாவது வாசல் இரைப் பக்கம், தம்பியின் பிரச்சினை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். ரப்பர் மீனை முள்ளில் கோர்க்கும்போது கொஞ்சம் கோணலாகப் போனால் போதும், வேகமாக மேலே சுற்றும்போது அது கப்பல் விசிறி மாதிரிச் சுழலத் தொடங்கும். பதினைந்து மீட்டர் ஆழத்தில் இருந்து மேலே வருகிறது, 15 சென்ரிமீற்றருக்கு ஒரு சுழற்சி என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவை மேலே எடுக்க நூறு முறுக்கு. ட்ரொப் ஷொட்டில் இடம் மாறி மாறி எத்தனை தடவை எடுத்துப் போடுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

அதோடு தங்கூசி மெல்லியது. ஒரு கம்பியோ நரம்போ முறுக்கை எதிர்க்கும் வலு, அதன் குறுக்களவின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. தடிப்பு பாதியானால் எதிர்ப்பு பதினாறில் ஒரு பங்காகிவிடும். தடித்த தங்கூசியை அசைக்க முடியாத சின்ன ரப்பர்ப் புழு, மெல்லிய தங்கூசியைச் சுலபமாக முறுக்கிவிடும்.

முறுக்கு ஏறிய தங்கூசி உடனே சிக்காவதில்லை, தளர்ந்தபோதுதான் சிக்காகிறது. இது ஏன் என்று நம் வீடுகளில் எல்லாருக்கும் கைக்குத் தெரியும். அரைஞாண் கயிறு திரிக்கும்போது நூலை நன்றாக முறுக்கி, நடுவில் பிடித்து மடித்து, கையைத் தளர்த்தினால் இரண்டு பாதியும் தாமாகவே ஒன்றையொன்று சுற்றிப் பின்னிக்கொள்ளும். என் அம்மம்மா தொடையில் வைத்துத் திரித்துவிட்டு, "இனி அதுவே பார்த்துக்கொள்ளும்" என்று விடுவார். இழுத்துப் பிடித்திருக்கும் வரை முறுக்கு நூலுக்குள் அடங்கிக் கிடக்கிறது, தளர்ந்ததும் அது வளையமாக உரு மாறுகிறது. ரிப்பனில் பார்த்த அதே மாற்றம். 1883-ல் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர், அழுத்தத்துக்கும் முறுக்குக்கும் ஆளாகும் தண்டு எப்போது வளைந்து பிதுங்கும் என்று கணக்கிட்டார். அதே கணக்கை இழுபட்டிருக்கும் நூலுக்குப் போட்டால், வளையம் விழாமல் தாங்கக்கூடிய முறுக்குவிசை, இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று வரும். இழுவிசை நாலில் ஒன்றானால் தாங்கும் அளவு பாதி. இழுவிசை இல்லையென்றால் சிறு முறுக்கும் வளையமாகப் பாய்ந்துவிடும். ட்ரொப் ஷொட்டின் வித்தையே தங்கூசியைத் தளர விட்டு இரையை ஆட்டுவதில்தான் இருக்கிறது! இதைவிடப் பொருத்தமாக ஒரு சிக்குப் பொறியை வேண்டுமென்றே செய்தாலும் செய்ய முடியாது.

இங்கே கொஞ்சம் வழி விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நுனியையும் ஒட்டி நாடாவை வளையமாக்கிவிட்டால், முறுக்கும் நெளிவும் சேர்ந்த தொகை மாறாது என்பதைச் சுத்தமான கணிதமாக எழுதியவர்களில் முதலாவது, ருமேனியாவின் க்லுஜ் நகரில் இருந்த கலுகரேயானு. 1959 தொடங்கி எழுதினார். அமெரிக்காவில் ஜேம்ஸ் வைட் 1969-லும் பிரொக் ஃபுல்லர் 1971-லும் அதை விரித்தார்கள். அதே காலத்தில் உயிரியலாளர்களுக்கு ஒரு தலைவலி. டிஎன்ஏ இரண்டு இழை ஒன்றையொன்று சுற்றிய புரி, முறுக்கிய ஏணி மாதிரி, பத்தரைப் படிக்கு ஒரு சுற்று. நகலெடுக்க வேண்டுமானால் இழைகளைப் பிரிக்க வேண்டும், பிரித்தால் முறுக்கு முன்னால் குவியும், பக்டீரியாவிலோ அது மூடிய வளையம், நுனியே கிடையாது. முறுக்கு எந்த வாசலால் போகும்? 1963-ல் ஜோன் கெய்ர்ன்ஸ், எங்கோ ஒரு ஸ்விவல் இருக்கவேண்டும் என்று எழுதினார். ஆம், நாம் கடையில் வாங்கும் அதே சொல். 1971-ல் ஜேம்ஸ் வாங் அந்த வேலையைச் செய்யும் ஒரு நொதியைக் கண்டுபிடித்தார். இழையை வெட்டி, முறுக்கை விட்டு, மறுபடி ஒட்டுகிற நொதி! இதன் உறவுக்கார நொதி ஒன்றை முடக்கித்தான் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை பக்டீரியாவைக் கொல்கிறது.

இதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனோடு வேலை செய்த வி. சசிசேகரன், பின்பு பெங்களூரில் இருந்தபோது 1976-ல், டிஎன்ஏயின் இழைகள் ஒன்றையொன்று சுற்றாமல் பக்கம் பக்கமாகவே ஓடலாம் என்ற மாதிரியை முன்வைத்தார். நியூசிலாந்திலும் ஒரு குழு அதே ஆண்டு இதைச் சொன்னது. அப்படியிருந்தால் முறுக்குத் தலைவலியே இல்லை. 1979-ல், டிஎன்ஏயின் இரட்டைப் புரி வடிவத்தைக் கண்ட இருவரில் ஒருவரான கிரிக், வாங், பாவர் மூவரும் எழுதிய கட்டுரை அந்த மாதிரியை மறுத்தது, மறுக்க உதவிய முக்கியக் கருவி இந்த முறுக்குக் கணக்குத்தான். அந்த மாதிரி பிழையாகிப்போனாலும் அந்தக் கேள்வி நேர்மையானது, கேட்க வேண்டியது. நாடாவும் முடிச்சும் என்று க்லுஜில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தபோது, இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டு நிதியை வெட்டியிருந்தால் இந்தக் கணக்கு கைக்கு வர இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்கும்? பயனைக் காட்டினால்தான் பணம் என்று ஆராய்ச்சியாளர்களை நிற்க வைக்கும் நாடுகள், விதை நெல்லை வறுத்துத் தின்கின்றன என்றே நினைக்கிறேன்.

தம்பியின் ஈயத்துக்கு வருவோம். அவர் ஸ்விவல் வைத்திருப்பது முள்ளுக்குக் கீழே. சுழல்வது முள்ளில் இருக்கும் இரை. அது மேலே உள்ள தங்கூசியை முறுக்குகிறது, கீழே இருக்கும் ஸ்விவல் ஈயத்தை மட்டும் பிரித்துவிடுவதால் இரைக்குச் சுழல இன்னும் வசதி. மேலே போகும் முறுக்குக்கு வாசல் இல்லை. ஆகவே ஸ்விவல் முள்ளுக்கு மேலே வேண்டும்: ரீலில் இருந்து வரும் தங்கூசிக்கும், முள் கட்டிய துண்டுக்கும் நடுவில், முள்ளில் இருந்து ஒன்று ஒன்றரை முழம் உயரத்தில்.

எந்த ஸ்விவல் என்பதும் முக்கியம். மெல்லிய தங்கூசி தரும் முறுக்குவிசை மிகச் சிறியது என்று பார்த்தோம், அந்தச் சிறு விசைக்கே திரும்பாத ஸ்விவல் வெறும் இரும்புத் துண்டு. மலிவான பீப்பாய் வடிவ ஸ்விவல்கள் கொஞ்சம் பாரம் விழுந்ததும் இறுகிவிடும். குண்டுமணித் தாங்கி (போல் பெயரிங்) உள்ளே இருக்கும் மிகச் சிறியதை வாங்குங்கள், விலை கூடத்தான். பின்னல் நூல் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும், பின்னல் நூல் ஸ்பிரிங் போலச் சுருண்டு காட்டிக்கொடுக்காது, முறுக்கை எல்லாம் சத்தமில்லாமல் வாங்கி வைத்திருந்து ஒரு வீச்சில் காட்டும். இன்னொரு வழி, ஒரு சிறு கம்பியைச் சுற்றித் தானே சுழலும் வகை முள். இரை எவ்வளவு சுற்றினாலும் கம்பி திரும்பாது. முள்ளைப் பலோமாரில் கட்டி நிற்க வைக்கும் அழகு அதில் இல்லை என்று எனக்குச் சின்ன மனக்குறை, ஆனால் வேலை செய்கிறது.

இவற்றுக்கெல்லாம் முன்னால், இரையை நேராகக் கோருங்கள். ரப்பர் மீனின் மூக்கின் நட்டநடுவில் முள் ஏறவேண்டும். படகின் பக்கத்திலேயே ஒரு மீட்டர் ஆழத்தில் இழுத்துப் பாருங்கள், சுழன்றால் கழற்றித் திரும்பக் கோருங்கள். இடம் மாற்ற மேலே எடுக்கும்போது மெதுவாகச் சுற்றுங்கள்.

ஏற்கனவே ஏறிவிட்டதா? முள், ஈயம், ஸ்விவல் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிடுங்கள். படகு மெல்லப் போகட்டும். வெறும் தங்கூசியை ஐம்பது அறுபது மீட்டர் பின்னால் விட்டு, ஐந்து நிமிடம் இழுத்துப் பிடித்திருங்கள். கரையில் இருந்து பிடிக்கிறவர்கள் ஓடும் ஆற்றில் விட்டாலும் சரி. பிறகு ஈரத் துணியால் பிடித்தபடி திரும்பச் சுற்றிவிட்டு, கடைசி ஒரு மீட்டரைத் தளர விட்டுப் பாருங்கள். அது வளையம் போடாமல் நேரே தொங்கினால் மறுபடியும் முள்ளைக் கட்டலாம்.