பாலிஷ் மெஷினை எடுக்கும் முன் பெயிண்ட்டை அளந்து பாருங்கள்

போன மாசியில் புனலூரிலிருந்து ஒருவர் கறுப்பு கார் ஒன்றை எங்கள் கார் பாலிஷ் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். இலங்கையிலிருந்து திரும்பி வந்து அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியமர்ந்த குடும்பம் அவருடையது. ஆரியங்காவு கணவாய் தாண்டி எங்கள் செங்கோட்டைக்கு வருவது அவர்களுக்குப் பக்கத்து ஊருக்கு வருவது மாதிரிதான்.

"அண்ணாச்சி, பத்து நாள்ல மகளுக்குக் கல்யாணம். பொண்ணு மாப்பிள்ளை இந்த வண்டியிலதான் மண்டபத்துக்கு வரணும். நல்லா மெஷின் போட்டு, கீறல் எல்லாம் எடுத்துக் கொடுங்க" என்றார்.

வெயிலில் பார்த்தேன். பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள். சரி என்று பெயிண்ட்டின் கனத்தை அளக்கும் மீட்டரை எடுத்து வைத்தேன். கூரையில் 118 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர்). கதவுகளில் 110, 112. பானெட்டில் வைத்தால் 94, 92, 95. மறுபடி துடைத்துவிட்டு வைத்தேன், அதே கணக்குதான்.

"இதுக்கு முன்னாடி பாலிஷ் போட்டிருக்கீங்களாண்ணே?"

"வாட்டர் வாஷ் விடுற இடத்துல ஆறு மாசத்துக்கு ஒருக்க போட்டு விடுவாங்க. நாலு வருஷமா."

எட்டுத் தடவை. காம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசையை வைத்து மெஷின் ஓட்டினால் ஒரு தடவைக்கு இரண்டு மூன்று மைக்ரான் போவது சாதாரணம். கூரைக்கும் பானெட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எட்டால் வகுத்துப் பாருங்கள், மூன்று வரும். கம்பெனியில் அடிக்கும்போதே இடத்துக்கு இடம் பெயிண்ட் கனம் கொஞ்சம் கூடும் குறையும் என்பது உண்மைதான். ஆனாலும் இவ்வளவு வித்தியாசத்துக்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. கூரை உயரத்தில் இருப்பதால் அங்கே யாரும் மெனக்கெடுவதில்லை, அதனால் அது தப்பித்திருக்கிறது. பானெட் கண்ணுக்கு நேரே இருக்கிறது, அதனால் ஒவ்வொரு தடவையும் அதைத்தான் தேய்த்திருக்கிறார்கள்.

என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பாலிஷ் என்றால் ஏதோ ஒன்றைப் பூசி மினுக்குவது என்றே நினைக்கிறார்கள். பெயிண்ட்டைச் சீவுவதுதான் அங்கே நடக்கிறது. தகரத்தின் மேல் துரு பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து 100 முதல் 140 மைக்ரான் வரை இருக்கும். அதில் கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50. நம் தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். பளபளப்பும் அதில்தான், வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சரக்கும் அதில்தான் இருக்கிறது. கீறல் ஒரு பள்ளம். பள்ளத்தை நிலையாக நிரப்ப முடியாது என்பதால், சுற்றியுள்ள மேட்டைப் பள்ளத்தின் அடிமட்டம் வரைக்கும் சீவி இறக்குகிறோம். கீறல் போய்விடும், கூடவே அந்த அளவு கிளியர் கோட்டும் போய்விடும். போனது திரும்பி வராது. சீவிச் சீவி கிளியர் கோட் மிகவும் மெல்லிசாகிவிட்டால், சில வருடத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து உரிய ஆரம்பிக்கும். அப்புறம் மறுபெயிண்ட்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாதாரண மீட்டர் மொத்தக் கனத்தைத்தான் காட்டும். அதில் கிளியர் கோட் எவ்வளவு மிச்சம் என்று தனியாகச் சொல்லாது. நாலு இடத்தில் வைத்து, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு, நாமாக ஒரு முடிவுக்கு வர வேண்டும். 200, 300 என்று காட்டினால் அந்தப் பகுதிக்கு மறுபெயிண்ட் அடித்திருக்கிறார்கள், அதற்கும் மேலே போனால் உள்ளே நெளிவை அடைத்த பட்டியும் இருக்கலாம். பிளாஸ்டிக் பம்பரில் இந்த மீட்டர் வேலையே செய்யாது. அங்கே அனுபவத்தையும் பயத்தையும் வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

அந்த வலை எப்படி வட்டமாக வருகிறது என்று நிறையப் பேர் கேட்பார்கள். நாங்கள் நேராகத்தானே துடைக்கிறோம் என்பார்கள். வீட்டில் பத்து வருடம் புழங்கிய எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்து பல்புக்கு நேரே பிடியுங்கள். பல்பின் பிம்பத்தைச் சுற்றி மெல்லிய வட்டங்கள் தெரியும். தட்டை நகர்த்துங்கள், வட்டமும் கூடவே நகரும். உண்மையில் அங்கே எல்லாத் திசையிலும் கீறல்கள் கிடக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுகின்றன, மற்றவை கண்ணில் படுவதில்லை. அதனால்தான் வட்டமாகத் தெரிகிறது. காரிலும் இதே கதைதான். வெள்ளை வண்டியிலும் இவை இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கறுப்பு, கருநீலம், அடர் சிவப்பு வண்டிக்காரர்கள்தான் தூக்கம் கெடுகிறார்கள்.

கீறல் எங்கிருந்து வருகிறது? எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. புளியரை சோதனைச்சாவடி வழியாக ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு லாரிகள் மலை ஏறுகின்றன. பின்னால் வரும் வண்டியின் மேல் கல்தூள் மாவு மாதிரி படிகிறது. அந்தத் தூளில் குவார்ட்ஸ் இருக்கிறது, அது கண்ணாடியையே கீறும். கிளியர் கோட் எம்மாத்திரம்? காலையில் டிரைவர் எழுந்து, பழைய பனியன் துணியை எடுத்து, தண்ணீர் இல்லாமல் பானெட்டை ஒரு இழுப்பு இழுப்பார். அந்த ஒரு இழுப்பு போதும். சாரல் காலத்தில் இன்னும் மோசம். குற்றாலத்தில் சாரல் விழும்போது வண்டி நனைந்துதானே இருக்கிறது என்று கையால் வழித்துவிடுவார்கள். தூளும் ஈரமும் சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரிதான்.

வாட்டர் வாஷ் இடங்களைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. எல்லா இடத்தையும் குறை சொல்லவில்லை. கூட்டம் அதிகமாக இருக்கும் நாளில், டயருக்குள் விட்ட அதே ஸ்பாஞ்ச் அடுத்த நிமிடம் பானெட்டில் ஏறுவதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்கள் சொந்த மைக்ரோஃபைபர் துணியைக் கொண்டுபோய்க் கொடுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். வீட்டில் கழுவுவதானால் முதலில் பைப்பைத் திறந்து மேலிருந்து கீழே வெறும் தண்ணீர் விட்டு, தூள் போகும்வரை கையை வைக்காதீர்கள். இரண்டு வாளி வையுங்கள். ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலசி எடுக்க வெறும் தண்ணீர். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், போட்டிருக்கும் வேக்ஸை அது கரைத்துவிடும். துணி கீழே தரையில் விழுந்தால் அதை மறுபடி பெயிண்ட்டில் வைக்காதீர்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் வெயிலில் காயவிட்டால் வெள்ளை வட்டங்கள் அப்படியே பதிந்துவிடும், உடனே ஒற்றி எடுங்கள்.

மெஷினில் இரண்டு வகை. ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும். வெட்டு அதிகம், சூடும் அதிகம். டிஏ என்கிற மெஷின் சுற்றிக்கொண்டே ஆடும். பலமாக அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திக்கொள்ளும், அதனால் புதிதாகப் பழகும் கைக்கு அது பாதுகாப்பு. ரோட்டரியில் முரட்டுக் கம்பளி பேடு மாட்டி, அதோடு வேலையை முடித்துவிட்டால், அடுத்த நாள் வெயிலில் பானெட் மேல் நிழல் நிழலாக அலை ஓடும். ஹோலோகிராம் என்போம். நடந்தால் கூடவே நகரும். கம்பளி பேடு போட்ட வேலைக்குப் பின்னால் மெல்லிய ஸ்பாஞ்ச் பேடு போட்டு ஒரு ஃபினிஷிங் ஓட்டம் ஓட்டாமல் விட்ட வேலை அது.

இதை நான் வாய்ச்சொல்லாகச் சொல்லவில்லை. தொழில் பழகிய முதல் வருடம், ஒரு சிவப்பு காரின் பானெட் விளிம்பில் ரோட்டரியை ஒரு கணம் நிறுத்திவிட்டேன். ஒரே கணம்தான். விளிம்பில் பெயிண்ட் எப்போதும் மெல்லிசு. சூடும் அங்கேதான் குவியும். பேடை எடுத்துப் பார்த்தால் விரல் நீளத்துக்கு சாம்பல் நிற பிரைமர் தெரிந்தது. அந்த பானெட்டுக்கு மறுபெயிண்ட் அடித்துக் கொடுத்தேன், இரண்டு மாதச் சம்பளம் அதற்கே போனது. இன்றைக்கும் எந்த வண்டிக்கும் பாடி லைன், கதவு விளிம்பு எல்லாவற்றிலும் டேப் ஒட்டாமல் மெஷினை ஆன் செய்வதில்லை.

ஒழுங்கான வேலை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நீங்கள் நின்று பார்க்கும்போது உதவும். முதலில் கழுவி, பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய இரும்புத் துகளைக் கரைக்கும் மருந்தை அடிப்போம். அது ஊதா நிறமாக வழியும். பிறகு வழுக்கும் நீரைத் தெளித்து, களிமண் மாதிரி மெத்தென்று இருக்கும் கிளே கட்டியால் தடவுவோம். கையால் தொட்டால் சொரசொரப்பு இருக்கக் கூடாது. இதைச் செய்யாமல் மெஷின் வைத்தால் அந்தத் துகள்களையே பேடில் ஒட்டிக்கொண்டு புதுக் கீறல் போடுவோம். அப்புறம் இரண்டடிக்கு இரண்டடி ஒரு சதுரம் மட்டும் சோதனை. மிக மென்மையான பேடும் மென்மையான காம்பவுண்டும் வைத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். பேடில் பட்டாணி அளவு மூன்று நான்கு சொட்டு. மெஷினைக் குறைந்த வேகத்தில் வைத்துப் பரப்பி, பிறகு வேகம் கூட்டி, குறுக்கும் நெடுக்குமாக, ஒரு ஓட்டம் முந்தைய ஓட்டத்தின் பாதியை மூடும்படி மெதுவாக நகர்த்துவோம். பாலாக இருந்த காம்பவுண்ட் கண்ணாடி போலத் தெளியும். அப்போது நிறுத்தி, புறங்கையால் தொட்டுப் பார்ப்போம். கை வைக்க முடியாத சூடு என்றால் தப்பு. அந்தச் சதுரத்தில் போதுமான அளவு மறைந்துவிட்டால் முழு வண்டிக்கும் அதே பேடு, அதே காம்பவுண்ட். மறையவில்லை என்றால்தான் ஒரு படி கடினமாகப் போவோம். ஒவ்வொரு பகுதிக்கும் பேடை பிரஷ் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். சித்திரை வெயிலில் வெட்டவெளியில் நிற்கும் வண்டியில் இதைச் செய்தால் காம்பவுண்ட் காய்ந்து பொரிந்துவிடும். அந்த மாதங்களில் விடிகாலையில்தான் எங்களுக்கு வேலை.

பழைய அம்பாசிடர் மாதிரி வண்டிகளில் பேடு வண்டியின் நிறமாகவே மாறும். கிளியர் கோட் இல்லாத பெயிண்ட் அது, பயப்பட வேண்டாம். கிளியர் கோட் இருக்கும் வண்டியில் பேடில் நிறம் ஏறினால் அந்த நிமிடமே நிறுத்தச் சொல்லுங்கள். பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் வண்டிக்கு எந்த பாலிஷும் கூடாது.

நகத்தைக் கீறலின் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் அது பாலிஷில் போகிற கீறல் இல்லை. அதையும் எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், எவ்வளவு மைக்ரான் போகும் என்று கேளுங்கள்.

வேலை முடிந்ததும் ஏமாற்று ஒன்று நடக்கலாம். சில காம்பவுண்டுகளிலும், கிளேஸ் என்கிற மினுக்குப் பூச்சுகளிலும் இருக்கும் எண்ணெய் கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஷெட்டில் பார்த்தால் வண்டி அப்படி இருக்கும், நாலு கழுவலில் பழைய வலை திரும்பி வரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த நீரை அடித்துத் துடைத்துவிட்டு, எல்இடி வெளிச்சத்திலும் வெயிலிலும் காட்டச் சொல்லுங்கள். வண்டியைத் தொடும் முன்னும் பின்னும் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மீட்டரே இல்லாத கடையில் மெஷின் பாலிஷ் போடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது.

செராமிக் கோட்டிங் போட்டால் கீறலே விழாது என்று சொல்கிறார்கள். '9எச்' என்று அட்டையில் போட்டிருப்பது பென்சில் கடினத்தை வைத்துச் சொல்லும் அளவு. குவார்ட்ஸ் தூளுக்கு அது தடையே இல்லை. கழுவுவது சுலபமாகும், பறவை எச்சம் கொஞ்சம் தாமதமாக அரிக்கும், அவ்வளவுதான். கீறலோடு கோட்டிங் போட்டால் கீறல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

புனலூர்க்காரர் வண்டிக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பானெட்டில் மெஷினை வைக்கவே இல்லை. எண்களைக் காட்டி விளக்கினேன். முதலில் முகம் வாடிவிட்டது. "அப்ப மகள் கல்யாணத்துக்கு இப்படியேவா?" என்றார். கதவுகளிலும் பின்பக்கமும் மென்மையான பேடில் ஒரே ஓட்டம் ஓட்டினேன். பானெட்டுக்கு, மேலே சொன்ன அதே கிளேஸைக் கையால் பூசினேன். "இது கீறலை நிரப்பி மறைக்கும், எடுக்காது. நாலஞ்சு கழுவல்ல போயிடும். கல்யாணத்துக்கு இது போதும்ணே" என்று சொல்லித்தான் பூசினேன். அதற்கான காசு மட்டும் வாங்கினேன். மண்டப வாசலில் எடுத்த போட்டோவை அனுப்பியிருந்தார். பானெட்டில் பந்தல் தோரணம் அப்படியே தெரிந்தது.

அவரே கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டு திரும்பி வந்தார், அச்சன்கோவிலுக்குப் போகும் வழியில். வண்டி முகப்பில் சாமந்தி மாலையும் வாழைக் குருத்தும் கட்டியிருந்தார். காற்றில் சணல் கயிறு பானெட்டை அறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. கயிறு படும் இடத்தில் ஒரு மெல்லிய துணியை மடித்து உள்ளே வைத்துக் கட்டிக் கொடுத்தேன். "ஊர் திரும்பினதும் கயித்தப் பிடிச்சு இழுக்காதீங்க சாமி, கத்தரியால நறுக்கி எடுங்க. சந்தனம், குங்குமம் கறையெல்லாம் தண்ணி விட்டு ஊறவெச்ச அப்புறம் கை வைங்க" என்றேன். சரி சாமி என்று தலையாட்டிவிட்டு, டிரைவரை இறங்கச் சொல்லி, அவருக்கும் அதையே ஒருமுறை சொல்லச் சொன்னார்.